மாதுளை மரத்தடியிலிருந்து மால்டா வரை

ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹசன் (ரஹ்) அவர்களின் வரலாறு

1857-ஆம் ஆண்டின் பெரும் புரட்சி ஒடுக்கப்பட்டபின் வட இந்தியாவின் மார்க்கக் கல்வி நிலைகுலைந்து போயிற்று. டெல்லியில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த பாடங்கள் நின்றன. உலமாக்கள் பலர் தூக்குமேடை ஏறினர்; வேறு பலர் அந்தமான் சிறைக்கு நாடு கடத்தப்பட்டனர். அப்படிப்பட்ட காலத்தில், சஹாரன்பூர் மாவட்டத்துச் சிற்றூரான தேவ்பந்தில், 1866 மே மாத இறுதியில் ஒரு மதரஸா தொடங்கப்பட்டது. ஊரின் சத்தா பள்ளிவாசல் முற்றத்தில் நின்ற மாதுளை மரத்தின் நிழலே அதன் முதல் வகுப்பறை. முதல் ஆசிரியர் முல்லா மஹ்மூத். அவர் முன் கிதாபை விரித்து அமர்ந்த முதல் மாணவருக்கு அப்போது வயது பதினைந்து. அவர் பெயர் மஹ்மூதுல் ஹசன். பிற்காலத்தில் இந்திய மக்கள் 'ஷைகுல் ஹிந்த்' என்று போற்றிய பெருமகனார் அவரே.

மௌலானா அவர்கள் 1851-இல் பரேலியில் பிறந்தார்கள். தந்தையார் மௌலானா ஜுல்பிகார் அலி அரபு இலக்கியத்தில் வல்லவர். ஆங்கில அரசின் கல்வித் துறையில் பணியாற்றிய அவர், தேவ்பந்த் மதரஸாவை நிறுவிய பெரியோரில் ஒருவராகவும் விளங்கினார். மௌலானா முஹம்மது காசிம் நானூத்தவி, ஹாஜி ஆபித் ஹுசைன், மௌலானா ஃபஸ்லுர் ரஹ்மான் உஸ்மானி ஆகியோர் அந்த நிறுவனப் பணியில் முன்னின்றவர்கள். மௌலானா ரஷீத் அஹ்மத் கங்கோஹி அவர்களின் வழிகாட்டுதலும் அந்த நிறுவனத்துக்கு என்றும் துணையாக இருந்தது.

மதரஸாவுக்காக மௌலானா நானூத்தவி வகுத்துத் தந்த எட்டுக் கொள்கைகளை இங்கே நினைவுகூர வேண்டும். நிலையான வருமானத்தைத் தேடிப் போகவேண்டாம், அரசின் பங்கும் செல்வந்தரின் ஆதிக்கமும் உள்ளே வரவேண்டாம், பெயரை நாடாமல் எளிய மக்கள் தரும் சிறு நன்கொடையே போதும் என்பது அவற்றின் உட்பொருள். ஹாஜி ஆபித் ஹுசைன் கைக்குட்டையை ஏந்தி வீடு வீடாகச் சென்று முதல் நிதியைத் திரட்டினார் என்ற செய்தி இன்றும் மதரஸாக்களில் சொல்லப்படுகிறது. விவசாயியின் தானியமும் நெசவாளியின் காசும் சேர்ந்து வளர்த்த அந்தக் கல்விக்கூடம் அரசின் தயவை நாடவே இல்லை. அதனால்தான் பின்னாளில் அதன் மக்கள் அந்த அரசின் முன் தலைகுனியாமல் நிற்க முடிந்தது.

1870-களும் 1880-களும்

1873-இல் மௌலானா ஓதி முடித்தார்கள். பட்டம் பெற்ற தொடக்க கால மாணவர்களில் ஒருவராகத் தலைப்பாகை சூட்டப்பெற்று, தாம் ஓதிய மதரஸாவிலேயே உஸ்தாதாக அமர்ந்தார்கள். 1877-இல் தம் ஆசிரியர்களான நானூத்தவி, கங்கோஹி ஆகியோருடன் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். புரட்சிக்குப் பின் தாயகம் விட்டு மக்காவில் வாழ்ந்துவந்த ஹாஜி இம்தாதுல்லாஹ் அவர்களை அங்கே கண்டு பைஅத் பெற்றார்கள். திரும்பியபின் 1878-இல் 'ஸமரத்துத் தர்பியத்' என்னும் அமைப்பு உருவாயிற்று. தாருல் உலூம் எனப்படும் தேவ்பந்த் மதரஸாவின் முன்னாள் மாணவர்களை ஒரு குடையின்கீழ் கொண்டுவந்த முதல் முயற்சி அது. 1880-இல் மௌலானா நானூத்தவி மறைந்தார்கள். ஆசிரியரை இழந்த துயரம் மாணவரை நெடுநாள் வாட்டியது. ஆனாலும் பாடம் நிற்கவில்லை.

1890 முதல் கால் நூற்றாண்டு

1890-இல் மௌலானா தாருல் உலூமின் தலைமை உஸ்தாதாகப் பொறுப்பேற்றார்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் அந்நிறுவனத்தின் பொற்காலம் எனலாம். அல்லாமா அன்வர் ஷா கஷ்மீரி, மௌலானா அஷ்ரஃப் அலி தானவி, முஃப்தி கிஃபாயத்துல்லாஹ், மௌலானா ஹுசைன் அஹ்மத் மதனி, மௌலானா ஷப்பீர் அஹ்மத் உஸ்மானி, மௌலானா உபைதுல்லாஹ் சிந்தி எனப் பெரும் ஆலிம்களின் ஒரு தலைமுறையே அவர்களின் ஹதீஸ் பாடத்திலிருந்து எழுந்தது. மாத ஊதியம் 75 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது, 50 ரூபாய்க்கு மேல் தமக்கெனக் கொள்ள மௌலானா இசையவில்லை என்று தாருல் உலூமின் வரலாறு பதிவு செய்துள்ளது.

1909-இல் 'ஜம்இய்யத்துல் அன்ஸார்' என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. சியால்கோட் மாவட்டத்துச் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய உபைதுல்லாஹ் சிந்தி அதன் பணிகளை ஏற்று நடத்தினார். 1913-இல் டெல்லி ஃபதேபூரி பள்ளிவாசலில் 'நஜாரத்துல் மஆரிஃப்' என்னும் குர்ஆன் கல்விக்கூடம் அமைந்தது. மதரஸாவில் ஓதியவரும் ஆங்கிலக் கல்லூரியில் பயின்றவரும் ஒரே பாயில் அமரவேண்டும் என்பதே அதன் நோக்கம். பால்கன் போரின்போது துருக்கிக்கு நிதி திரட்ட மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர் ஊராகச் சென்றனர்.

பட்டுக் கடித இயக்கம்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. இந்தியாவை அன்னியப் பிடியிலிருந்து விடுவிக்க இதுவே தருணம் என மௌலானா முடிவு செய்தார்கள். வடமேற்கு எல்லையின் சுதந்திரப் பழங்குடிகளிடம் அவர்களின் மாணவர்கள் ஏற்கெனவே பரவியிருந்தனர். 1915-இல் மௌலானா சிந்தியைக் காபூலுக்கு அனுப்பிவிட்டு, அறுபது வயதைக் கடந்த நிலையில் தாமே ஹிஜாஸுக்குக் கப்பலேறினார்கள். அங்கே துருக்கிய ஆளுநர் காலிப் பாஷாவைச் சந்தித்து ஆதரவுக் கடிதம் பெற்றார்கள். மதீனாவில் துருக்கியத் தலைவர்களான அன்வர் பாஷாவையும் ஜமால் பாஷாவையும் கண்டு பேசினார்கள்.

காபூலில் 1915 டிசம்பர் 1 அன்று இந்தியாவின் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. ராஜா மஹேந்திர பிரதாப் குடியரசுத் தலைவர். மௌலவி பரக்கத்துல்லாஹ் பிரதமர். உபைதுல்லாஹ் சிந்தி உள்துறை அமைச்சர். பெர்லினிலிருந்து இயங்கிய தமிழ் வீரர் செண்பகராமன் பிள்ளை வெளியுறவுப் பொறுப்புக்குரியவராகக் குறிக்கப்பட்டார். இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடு பாராமல் ஒரே அமைச்சரவையாக அமைந்த அந்த அரசில் தமிழருக்கும் இடமிருந்தது என்பது நமக்குப் பெருமை.

1916 ஜூலையில் சிந்தி அவர்கள் மஞ்சள் நிறப் பட்டுத் துணியில் கடிதங்களை எழுதினார். தற்காலிக அரசின் அமைப்பு, திட்டமிட்ட படையின் விவரம், அதற்கு மௌலானா தலைமை ஏற்கவேண்டும் என்ற கருத்து எல்லாம் அவற்றில் இடம்பெற்றன. அப்துல் ஹக் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட அந்தத் துணிகள், சிந்துப் பகுதியின் ஷைக் அப்துர் ரஹீம் வழியாக ஹிஜாஸ் சென்றடைந்திருக்க வேண்டும். ஆனால் வழியில் முல்தானைச் சேர்ந்த கான் பகதூர் ஒருவர் கைக்குப் போய், அங்கிருந்து ஆங்கில அதிகாரிகளின் மேசையை அடைந்தன. நாடெங்கும் சோதனைகளும் கைதுகளும் தொடர்ந்தன. 1918-இல் வெளிவந்த ரௌலட் குழு அறிக்கையிலும் இந்தப் பட்டுக் கடிதங்கள் தனியே விவரிக்கப்பட்டன. நம் மூத்தோரின் முயற்சி ஆட்சியாளரை எவ்வளவு கலக்கியது என்பதற்கு அவர்களின் அறிக்கையே சான்று.

மால்டா: 1917 முதல் 1920 வரை

இதற்கிடையில் மக்காவின் ஷரீஃப் ஹுசைன் ஆங்கிலேயர் துணையுடன் துருக்கியருக்கு எதிராகக் கிளர்ந்தார். துருக்கியரை மார்க்கத்திலிருந்து விலகியவர்களாக அறிவிக்கும் தீர்ப்பு ஒன்றில் ஒப்பமிடுமாறு மௌலானாவிடம் கேட்கப்பட்டது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். 1916 டிசம்பரில் கைது செய்யப்பட்டு, ஜித்தா, சூயஸ் வழியாகக் கெய்ரோவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, விசாரணைக்குப் பின் 1917 பிப்ரவரியில் மால்டா தீவின் போர்க் கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டார்கள். மௌலானா ஹுசைன் அஹ்மத் மதனி, மௌலானா உஸைர் குல், மௌலவி வஹீத் அஹ்மத், ஹகீம் நுஸ்ரத் ஹுசைன் ஆகிய நால்வரும் உடன் சிறைப்பட்டனர். ஹகீம் நுஸ்ரத் ஹுசைன் மால்டாவிலேயே உயிர் துறந்தார். இந்திய விடுதலைக்காக மத்தியதரைக் கடலின் நடுவே உயிர்நீத்த அந்த ஷஹீதை நன்றியுடன் நினைக்கிறோம்.

மால்டாவின் குளிர் முதியவரான மௌலானாவை வருத்தியது. தஹஜ்ஜுத் தொழுகைக்கு ஒளுச் செய்ய வெந்நீர் கிடைக்காது. மாணவர் மதனி, நீர்ப் பாத்திரத்தைத் தம் உடலோடு அணைத்தபடி இரவெல்லாம் இருந்து, தம் உடற்சூட்டில் குளிர் தணிந்த நீரை விடியற்காலையில் ஆசிரியரிடம் நீட்டுவார் என்று மாணவர் வழிச் செய்தி கூறுகிறது. குருபக்திக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ! முன்பே தொடங்கியிருந்த குர்ஆனின் உருது மொழிபெயர்ப்பை மௌலானா அந்தச் சிறையிலேயே நிறைவு செய்தார்கள். விளக்கக் குறிப்புகளை எஞ்சிய பகுதிக்கும் எழுதி முடிக்கும் பேறு மாணவர் ஷப்பீர் அஹ்மத் உஸ்மானிக்கு வாய்த்தது.

தாயகம் திரும்பிய 1920

1920 ஜூன் 8 அன்று மௌலானா பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கினார்கள். காந்தியடிகள், மௌலானா ஷௌகத் அலி, மௌலானா அப்துல் பாரி முதலியோர் அவர்களைச் சந்தித்து வரவேற்றனர். கிலாஃபத் குழு 'ஷைகுல் ஹிந்த்' என்னும் பட்டம் சூட்டியது. சிறைத் தனிமையில் சிந்தித்துத் தாம் கண்ட முடிவு இரண்டு என மௌலானா தம் மாணவர்களிடம் கூறினார்கள்: குர்ஆன் கல்வியை ஒவ்வொரு சிற்றூருக்கும் கொண்டுசெல்ல வேண்டும், தமக்குள் நிகழும் பிணக்கை முஸ்லிம்கள் ஒழிக்க வேண்டும்.

ஒத்துழையாமை இயக்கத்தை ஆதரித்து ஃபத்வா வழங்கினார்கள். 1920 அக்டோபர் 29 அன்று, நடமாட முடியாத நோயுடன் அலிகர் சென்று, அங்குள்ள கல்லூரிப் பள்ளிவாசலில் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். குரல் எழாததால் அவர்களின் உரையை மௌலானா ஷப்பீர் அஹ்மத் உஸ்மானி வாசித்தார். அரசு மானியத்தை உதறிய மாணவர்களைக் கொண்டு தொடங்கிய அந்த ஜாமியா, 1925-இல் டெல்லிக்கு மாறி, இன்று மத்தியப் பல்கலைக்கழகமாகத் திகழ்கிறது. மாதுளை மரத்தடியில் மௌலானா நானூத்தவி வகுத்த கொள்கையே அலிகரிலும் வேர்விட்டது.

அடுத்த மாதமே டெல்லியில் ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்த் மாநாட்டுக்கு மௌலானா தலைமை ஏற்றார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள் மூவரும் ஒன்றுபட்டால் எந்த வல்லரசும் அவர்களை அடிமைப்படுத்த முடியாது என்பதே அவர்களின் இறுதிச் செய்தியாக அமைந்தது. 1920 நவம்பர் 30 அன்று டாக்டர் அன்சாரியின் இல்லத்தில் அவர்களின் உயிர் பிரிந்தது. தேவ்பந்தில், ஆசிரியர் நானூத்தவியின் அருகில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

மாணவர்கள் வழியாக அந்தப் பணி தொடர்ந்தது. ஆங்கிலப் படையில் சேர்வது கூடாது என்ற தீர்ப்புக்காக 1921-இல் கராச்சி வழக்கில் மௌலானா மதனி இரண்டாண்டுச் சிறை ஏற்றார். 1927 முதல் 1957-இல் மறையும்வரை தாருல் உலூமின் தலைமை உஸ்தாதாக இருந்து, இந்தியர் அனைவரும் ஒரே நாட்டினர் என்ற கொள்கைக்காக வாதாடினார். பட்டுக் கடித இயக்கத்தைப் போற்றி 2013-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. சஹாரன்பூர் அரசு மருத்துவக் கல்லூரி இன்று ஷைகுல் ஹிந்த் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மதரஸாவின் உண்டியலில் விழும் ஒவ்வொரு காசும் இந்த வரலாற்றின் தொடர்ச்சியே. ஓதும் மாணவர்களே, ஆதரிக்கும் பெரியோர்களே, நன்கொடை தரும் தாய்மார்களே! ஷைகுல் ஹிந்த் அவர்கள் மால்டாவிலிருந்து கொண்டுவந்த இரண்டு கடமைகளும் நம் முன் நிற்கின்றன. குர்ஆனை ஒவ்வொரு இல்லத்துக்கும் கொண்டுசெல்வோம். பிணக்கின்றி ஒன்றுபட்டு நிற்போம். அதுவே அந்தப் பெருமகனாருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றி.