பயன்படுத்திய மகிழுந்து இறக்குமதியும் பாக் நீரிணையின் இரு கரைகளும்: ஒரத்தநாட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தஞ்சாவூருக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையில் அமைந்த ஒரத்தநாடு கடற்கரை ஊர் அன்று; ஆயினும் கடல்வழிப் பயணத்தோடு அதற்குப் பழந்தொடர்பு உண்டு. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி (1798–1832) இங்கு எழுப்பிய முத்தம்மாள் சத்திரம், இராமேசுவரம் செல்வோருக்கு உணவும் தங்குமிடமும் அளித்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி வரை தொடர்வண்டியும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் சென்றன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடி வழியை அழித்தது. இன்று இப்பகுதியினர் பலர் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரிகின்றனர். அயல்நாட்டிலிருந்து பயன்படுத்திய மகிழுந்தைக் கொணர்தல் மட்டும் அரிதாகவே உள்ளது. இதற்குக் காரணம் தொலைவா, சட்டமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு நாடுகள், இரு கொள்கைகள்

இரு கரைகளிலும் வாகனங்கள் சாலையின் இடப்புறமே செல்கின்றன. ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். இது ஆங்கிலேய ஆட்சியின் பொது மரபு. விடுதலைக்குப்பின் கொள்கைகள் பிரிந்தன. 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 மகிழுந்துகளை உதிரிப் பாகங்களிலிருந்து பூட்டியது. 1953இல் காப்புவரி ஆணையம், உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமுடைய நிறுவனங்களுக்கே இடமளிக்கப் பரிந்துரைத்தது. பாகங்களைப் பூட்டுவதோடு நின்ற ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. இறக்குமதி உரிம முறை உள்நாட்டுத் தொழிலுக்கு அரணாயிற்று. வாங்குவோர்க்கோ தேர்வு சில வகைகளாகச் சுருங்கியது.

இலங்கை இறக்குமதியையே சார்ந்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் நிலவிய கடும் கட்டுப்பாடுகளுக்குப்பின் 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. ஜப்பானில் பயன்படுத்திய மகிழுந்துகள் பெருமளவில் வந்தன. ஜப்பானும் இடப்புறப் போக்குவரத்து நாடாதலால் அவற்றை மாற்றியமைக்கும் தேவை எழவில்லை. யாழ்ப்பாணத்திலோ போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பழைய ஆஸ்டின், மோரிஸ் மைனர் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. எண்ணூரில் பூட்டப்பட்ட அதே பெயருடைய வண்டி, எதிர்க்கரையில் ஒரு சமூகத்தின் இன்றியமையாக் கருவியாயிற்று.

2001: திறந்த கதவும் உயர்ந்த வாயிற்படியும்

உலக வணிக அமைப்பின் தீர்ப்பைத் தொடர்ந்து, 2001 ஏப்ரல் 1 முதல் எஞ்சிய 715 பொருள்களின் அளவுக் கட்டுப்பாடுகளை இந்தியா நீக்கியது. பயன்படுத்திய மகிழுந்தும் அவற்றுள் அடங்கும். ஆனால் அவ்வாண்டு வரவு செலவுத் திட்டம் அதற்கான அடிப்படைச் சுங்க வரியை 105 விழுக்காடாக உயர்த்தியது. மேலும், வண்டி மூன்றாண்டுக்கு மேற்பட்டதாக இருத்தல் கூடாது. சுக்கான் வலப்புறம் இருத்தல் வேண்டும். இறக்குமதி நாளிலிருந்து ஐந்தாண்டுச் சாலைத் தகுதி உறுதி செய்யப்படுதல் வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகவே வருதல் வேண்டும் என்னும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன.

இவற்றை ஒரத்தநாட்டின் நிலையிலிருந்து நோக்கினால் விளைவு புலனாகும். வளைகுடா வண்டி இடப்புறச் சுக்கான் உடையதாதலால் முதற்படியிலேயே விலக்கப்படுகிறது. சிங்கப்பூர் வண்டி சுக்கானால் ஏற்புடையது. ஆனால் வயது வரம்பும் வரியும் அதன் மலிவை இல்லாதாக்குகின்றன. நாகப்பட்டினம், தூத்துக்குடி, சென்னை ஆகிய துறைமுகங்கள் அண்மையில் இருந்தும் வண்டி மும்பையில் இறங்கி நிலவழியே தீபகற்பத்தைக் கடக்க வேண்டும்.

இந்நிபந்தனைகளுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. பிறநாடுகள் கழித்த வண்டிகள் குவிவதைத் தடுத்தலும், உள்நாட்டு உற்பத்தியையும் அதைச் சார்ந்த வேலைவாய்ப்பையும் காத்தலும் அரசின் கடமைகளே. சென்னை வட்டாரத்தின் மகிழுந்துத் தொழில் இக்காப்பினால் பயன்பெற்றது. ஆனால் வயதும் சாலைத் தகுதியும் பாதுகாப்பு அளவுகோல்களாக இருக்க, ஒரே துறைமுகம் என்னும் விதி வண்டியின் தரத்தை அளப்பதன்று. அது வரவைக் குறைக்கும் கருவி. அதன் சுமை மும்பையிலிருந்து தொலைவில் வாழ்வோர்மீதே மிகுதியாக விழுகிறது.

முடிவுரை

2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது. அது பயணிகளுக்கே உரியது. இலங்கையும் அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல் மீண்டும் திறந்தது. ஆகவே இரு கரைகளிலும் வண்டியின் வரவைத் தீர்மானித்தது கடலின் அகலம் அன்று. அந்நியச் செலாவணியும் தொழிற்காப்பும் வகுத்த சட்டமே எனத் துணியலாம்.