காட் ஆஃப் வார் ஆட்டத்தொடரின் மறுவுருவாக்கம்

காட் ஆஃப் வார் என்பது சோனி நிறுவனத்தின் சான்டா மொனிக்கா ஸ்டுடியோ உருவாக்கிய அதிரடி நிகழ்பட ஆட்டத்தொடர் ஆகும். 2005 இல் பிளேஸ்டேசன் 2 கருவிக்காகத் தொடங்கிய இத்தொடர், 2018 இல் அதே நாயகனை வைத்துக்கொண்டே முற்றிலும் வேறுவகைக் கதைசொல்லலுக்கு மாறியது. நீண்டகாலத் தொடர் ஒன்று தன் பழைய கதையை அழிக்காமலே தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியும் என்பதற்கு இது குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு.

கிரேக்கக் காலம்

தொடரின் நாயகன் கிரேடோஸ் என்னும் ஸ்பார்ட்டா வீரன். போர்க்கடவுள் ஏரிசின் சூழ்ச்சியால் தன் மனைவியையும் மகளையும் தானே கொன்றுவிடுகிறான். அவர்களின் சாம்பல் அவன் தோலில் ஒட்டிக்கொள்வதால் உடல் வெளிறிப்போகிறது. பழிவாங்கும் வெறியில் ஏரிசையும், பின்னர் தன் தந்தையான சியுசு உள்ளிட்ட ஒலிம்பசுக் கடவுளரையும் கொல்கிறான். டேவிட் ஜாஃபி இயக்கிய முதல் ஆட்டம், கோரி பார்லாக் இயக்கிய இரண்டாம் ஆட்டம் (2007), ஸ்டிக் அஸ்முசென் இயக்கிய மூன்றாம் ஆட்டம் (2010) ஆகியவை பெரும் வரவேற்பைப் பெற்றன. முன்கதையைச் சொன்ன அசென்சன் (2013) அந்த அளவுக்கு வரவேற்கப்படவில்லை. கோபத்தைத் தவிர வேறு முகம் இல்லாத நாயகனை இன்னும் எவ்வளவு காலம் கொண்டுசெல்வது என்ற கேள்வி எழுந்தது. 2014 இல் ஸ்டுடியோவில் ஆட்குறைப்பும் நடந்தது.

தந்தையும் மகனும்

ஸ்டுடியோவுக்குத் திரும்பி வந்த பார்லாக், புதிய ஆட்டத்தை நார்சு தொன்மவியல் உலகில் அமைத்தார். தாம் தந்தையான அனுபவம் கதைக்குத் தூண்டுதலாக இருந்தது என அவர் நேர்காணல்களில் கூறியுள்ளார். இங்கே கிரேடோசுக்கு வயதாகிவிட்டது. இரண்டாம் மனைவி பேய் இறந்துவிடுகிறார். தன் சாம்பலை உலகங்களிலேயே மிக உயர்ந்த சிகரத்தில் தூவ வேண்டும் என்பது அவரது கடைசி விருப்பம். அதை நிறைவேற்றக் கிரேடோசு தன் மகன் அட்ரியசுடன் புறப்படுகிறான். தந்தை ஒரு கடவுள் என்பதோ, அவன் செய்த கொலைகளோ மகனுக்குத் தெரியாது.

விளையாடும் முறையும் கதைக்கேற்ப மாறியது. முன்பு தொலைவிலிருந்து களத்தைக் காட்டிய ஒளிப்படக்கருவி, நாயகனின் தோளுக்குப் பின்னால் வந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை காட்சி வெட்டு இல்லை. பழைய சங்கிலி வாள்களுக்குப் பதிலாக, எறிந்தால் கைக்குத் திரும்பிவரும் கோடரி முதன்மை ஆயுதமானது. அம்பு எய்யும் மகன் சண்டைகளில் துணைநிற்கிறான்.

மகன் நோயுறும்போது, வீட்டுத் தரைக்கு அடியில் புதைத்து வைத்திருந்த பழைய வாள்களைக் கிரேடோசு மீண்டும் எடுக்கிறான். முன்பு ஆட்டக்காரருக்கு வெற்றிக் களிப்பைத் தந்த அதே ஆயுதங்கள் இப்போது அவமானச் சின்னங்களாகத் தோன்றுகின்றன. பழைய ஆட்டங்களின் வன்முறை அனைத்தும் நாயகன் மகனிடம் மறைக்கும் கடந்த காலமாகிவிடுகிறது. எதிரியான பால்டர், தன் தாய் பிரேயாவைக் கொல்ல முயலும்போது கிரேடோசு அவனைக் கொன்று தடுக்கிறான். தந்தையைக் கொன்றவனே, ஒரு மகன் தாயைக் கொல்லாமல் தடுக்கிறான். அதன் பிறகே தன் கடந்த காலத்தை அட்ரியசிடம் ஒப்புக்கொள்கிறான்.

வரவேற்பும் தாக்கமும்

2018 ஏப்ரல் 20 அன்று பிளேஸ்டேசன் 4 கருவிக்கு வெளியான இவ்வாட்டம், தி கேம் அவார்ட்சு விழாவில் அவ்வாண்டின் சிறந்த ஆட்டமாகத் தேர்வானது. 2019 இல் பாஃப்டா சிறந்த ஆட்ட விருதையும் பெற்றது. 2022 நவம்பர் வரை 2.3 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றதாகச் சோனி அறிவித்தது. ஒரேமாதிரியான பூதங்களுடன் திரும்பத் திரும்பச் சண்டையிட வேண்டியிருப்பது குறையாகச் சொல்லப்பட்டது. தாயின் மரணத்தைக் கதையின் தொடக்கப் புள்ளியாக மட்டும் பயன்படுத்தியதாகவும் சிலர் விமர்சித்தனர்.

எரிக் வில்லியம்சு இயக்கிய ராக்னராக் (2022) இக்கதையைத் தொடர்ந்தது. 2023 திசம்பரில் இலவசமாக வெளியான அதன் வல்கல்லா விரிவாக்கத்தில், கிரேடோசு தன் கிரேக்க நினைவுகளை நேரடியாக எதிர்கொள்கிறான். 2005 இல் தொடங்கிய கதைக்கு, அதன் நாயகனே பொறுப்பேற்கும் இடமாக அது அமைந்தது.