ஓ'பிரையன் என்னும் குடிப்பெயர்

அயர்லாந்து மக்களின் பெயர்களில் முன்னிற்கும் 'ஓ' என்பதை விளிச்சொல் என்றோ தலைப்பெழுத்து என்றோ கருதிவிட இடமுண்டு. அது பொருளுடைய தனிச்சொல்லாகும். பேரன், வழித்தோன்றல் என்பன அதன் பொருள். அதனையடுத்து வரும் முன்னோன் பெயர் ஆறாம் வேற்றுமையில் நிற்கும். ஆகவே ஓ'பிரையன் என்றால் பிரையனுடைய வழித்தோன்றல் என்க. மகளாயின் 'ஓ' மறைந்து 'நீ' என்னும் சொல் வரும். அப்போது பிரையன் என்பதன் முதலொலியும் வகரமாகத் திரியும். இடையே காணும் சிறு கொக்கி ஆங்கில எழுத்தர் சேர்த்தது. ஐரிய மொழிக்கு உரியதன்று.

அந்தப் பிரையன் யாவன்? 1002-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பேரரசனாகி, 1014-இல் குளோன்டார்ப் போரில் மடிந்த பிரையன் போரு என்பவனே. அப்போரை அயர்லாந்தார்க்கும் வடகடல் வீரர்க்கும் நடந்த போர் எனச் சுருக்கிக் கூறுவர். அது முழு உண்மையன்று. லின்ஸ்டர் நாட்டு ஐரியரும் அவனை எதிர்த்தே நின்றனர்.

அவன் வழியினர் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் நிலம் ஆண்டனர். 1543-இல் மர்ரோ ஓ'பிரையன் தன் அரசுரிமையை எட்டாம் என்றி மன்னனிடம் ஒப்படைத்துவிட்டு ஆங்கிலப் பிரபுப் பட்டம் பெற்றான். அதே குடியில் பின்வந்த மற்றொரு மர்ரோ, 1647-இல் காசல் நகரைத் தாக்கி, கோயிலில் அடைக்கலம் புகுந்தோரையும் கொன்றான். மக்கள் அவனுக்கு இட்ட பெயர் 'கொளுத்துபவன் மர்ரோ' என்பது.

இக்குடியின் பெருமையை மீட்டவர் வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன் என்பதே எம் கருத்து. 1803-இல் டிரோமோலாண்டு மாளிகையில் பிறந்த இவர், ஆங்கில நாடாளுமன்றத்தில் பல்லாண்டு அமர்ந்தவர். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பெரும்பஞ்சம் தொடங்கியது. மக்கள் மடிய, அரசு போதிய உதவி செய்யாதிருந்தது. அதுகண்டு வெகுண்டவருள் இவரும் ஒருவர். 1848 சூலையில் பாலின்கேரி என்னும் ஊரில் இவர்தம் கூட்டத்தார் காவலர் சிலரை ஒரு கைம்பெண்ணின் வீட்டில் சுற்றி வளைத்தனர். வீட்டினுள் அவளுடைய குழந்தைகள் இருந்தனர். வீட்டைக் கொளுத்த இவர் உடன்படவில்லை. கொளுத்துபவன் மர்ரோ பிறந்த குடியில் இவரும் பிறந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. கிளர்ச்சி அன்றே முறிந்தது.

இவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அதனை நாடுகடத்தலாக மாற்ற அரசு முன்வந்தபோது, தம் இசைவின்றி அவ்வாறு மாற்றச் சட்டத்தில் இடமில்லை என இவர் வாதிட்டார்! அதற்கெனவே 1849-இல் நாடாளுமன்றம் புதுச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பின்னர் இவரைத் தாஸ்மேனியாவுக்குக் கப்பலேற்றினர். 1856-இல் முழு மன்னிப்புப் பெற்றுத் தாயகம் திரும்பிய இவர், 1864-இல் மறைந்தார்.

இவர் மகள் சார்லட் கிரேசு ஓ'பிரையன் எழுத்தாளர். பஞ்சத்துக்குப் பின்னும் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற ஏழைப் பெண்கள் கப்பல்களில் பட்ட இன்னலை எழுதி உலகறியச் செய்தார். குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் 1882-இல் அவர்கட்கென ஒரு விடுதியும் நடத்தினார். முதுமையில் ஐரிய மொழியை மீட்க எழுந்த கெலிக் கழகத்தின் பணியிலும் ஈடுபட்டார்.