இறங்க 50 மீட்டர், ஏற 125 மீட்டர்



மார்கழி பிறந்தால் நம் குழுவில் ஒரே புலம்பல்தான். "டெல்லியில் மூடுபனி, நாலு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறோம். கண் முன்னால் விமானங்கள் இறங்குகின்றன, எங்களை மட்டும் ஏன் கிளப்ப மாட்டேன் என்கிறார்கள்?" நியாயமான கேள்வி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

விமானி ஓடுபாதையில் எவ்வளவு தூரம் பார்க்க முடியும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. சுருக்கமாக ஆர்.வி.ஆர். என்பார்கள். முன்பெல்லாம் ஓர் ஆள் ஓடுபாதை ஓரமாக நின்று, எத்தனை விளக்கு தெரிகிறது என்று எண்ணிச் சொல்வார். இப்போது கருவி பார்த்துக்கொள்கிறது. ஒரு முனையிலிருந்து ஒளியை அனுப்பி, மறுமுனைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்கும். பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் (என்.ஏ.எல்.) 'திருஷ்டி' என்ற பெயரில் நம் நாட்டிலேயே இதைச் செய்திருக்கிறது. டெல்லி உட்படப் பல விமான நிலையங்களில் வைத்திருக்கிறார்கள்.

டெல்லியில் அதற்குரிய கருவிகள் உள்ள விமானம், பயிற்சி பெற்ற விமானியோடு, 50 மீட்டர் மட்டுமே தெரிந்தாலும் இறங்கலாம். ஆனால் புறப்பட 125 மீட்டராவது தெரிய வேண்டும். தலைகீழாகத் தோன்றுகிறதா? இறங்கும்போது தரையிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடித்துத் தானியங்கிக் கருவியே விமானத்தைக் கொண்டுவந்து இறக்கிவிடும். புறப்படும்போது விமானியின் கண்ணும் கையும்தான். ஓடுபாதையின் நடுக்கோட்டில் 15 மீட்டருக்கு ஒன்றாகப் பதித்த விளக்குகளைப் பார்த்தே விமானத்தை நேராக ஓட்ட வேண்டும்.

கணக்குப் போடுங்கள். 125 மீட்டருக்குள் எட்டு விளக்குதான் தெரியும். தரையை விட்டு எழும்பும் சமயத்தில் வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 72 மீட்டர். அதாவது இரண்டு விநாடிக்கும் குறைவான தூரம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. நம் வாகைக்குளம் ஓடுபாதையின் இன்றைய நீளம் 3,115 மீட்டர். அதில் 25-இல் ஒரு பங்கு! பாதி ஓட்டத்தில் ஓர் என்ஜின் நின்றால், விமானம் ஒரு பக்கம் இழுக்கும். அந்த எட்டு விளக்கைப் பார்த்துத்தான் நேராக்கி நிறுத்த வேண்டும்.

மேலே ஏறிய பிறகு கோளாறு வந்தாலும் சிக்கல்தான். கிளம்பிய இடத்தில் பனி. திரும்பி இறங்க முடியாமல் போகலாம். அதனால் இரண்டு என்ஜின் விமானம் என்றால், ஒற்றை என்ஜினில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய வேறொரு விமான நிலையத்தை முன்கூட்டியே குறித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். நம் மணப்பாட்டுக் கடல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கலங்கரை விளக்கம் வருகிறவனுக்கு வழி காட்டும். போகிறவன்தான் வானத்தைப் பார்த்து, போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு சாட்சி. 1977 மார்ச் 27. ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரீஃப். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்களை இங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். இது 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள இடம். மேகமே தரையில் வந்து படியும். இரண்டு ஜம்போ விமானங்கள் ஒரே ஓடுபாதையில். ஒன்றுக்கொன்று தெரியவில்லை. கோபுரத்தில் இருந்தவர்களுக்கு இரண்டுமே தெரியவில்லை. தரையைக் கண்காணிக்கும் ரேடாரும் கிடையாது. கே.எல்.எம். விமானக் குழுவினருக்கோ பணி நேர வரம்பு முடிந்துவிடுமோ என்ற கவலை. புறப்பட அனுமதி வருமுன்பே அதன் தலைமை விமானி ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார். மற்ற விமானம் விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் சந்தேகத்தோடு கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. விலகவில்லை. பான் ஆம் விமானத்தில் 61 பேர் பிழைத்தார்கள். இரண்டிலும் சேர்த்து இறந்தவர்கள் 583 பேர்.

அதன் பிறகே, 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை அந்த அனுமதியைக் கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர கோபுரம் வேறு எப்போதும் சொல்லக் கூடாது என்ற வழக்கம் வந்தது. சந்தேகம் வந்தால் இளையவரும் துணிந்து சொல்ல வேண்டும், மூத்தவர் காது கொடுக்க வேண்டும் என்பது பயிற்சியிலேயே சேர்ந்தது.

அப்படியும் 2001 அக்டோபர் 8 அன்று இத்தாலியின் மிலான் லினாத்தேயில், பனியில் வழி தவறி ஓடுபாதைக்குள் வந்த சிறிய விமானத்தின் மீது, புறப்பட்டுக்கொண்டிருந்த எஸ்.ஏ.எஸ். விமானம் மோதியது. 118 பேர் இறந்தார்கள். அங்கே பழைய தரை ரேடாரை எடுத்துவிட்டார்கள். புதியது இன்னும் வேலைக்கு வரவில்லை.

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. 2018 ஜனவரி 13, போகியன்று காலை, பனியோடு புகையும் சேர்ந்து மீனம்பாக்கம் ஓடுபாதையை மறைத்தது. வந்த விமானங்களை பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பினார்கள். கிளம்ப வேண்டியவை கிடந்தன. டெல்லியின் பனியை நாம் தடுக்க முடியாது. ஆனால் டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்து வரும் புகை நம் கையில் இருக்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். பம்மல், பல்லாவரம், பொழிச்சலூர் பக்கம் குடியிருக்கும் பிள்ளைகள், போகியன்று உங்கள் தெருவில் டயர் எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பனியில் காத்திருக்கும் பிள்ளைகள், கவுண்டரில் நிற்கும் அந்தப் பெண்ணிடம் சத்தம் போடாதீர்கள். பனியை விலக்க அவளாலும் முடியாது. இரண்டு மணி நேரம் பிந்தி வந்தாலும் சோறு சூடு பண்ணித் தர வீட்டில் ஆள் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார், மணப்பாடு