சாங்கிச் சிறையின் ஒட்டுப்போர்வைகள்

வரலாற்றுச் சான்றுகள் யாவை என்று வகுப்பறையில் வினவினால், மாணவர்கள் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி என வரிசையாகச் சொல்லுவர். அவ்வரிசையில் துணிக்கு இடம் கிடைப்பது அரிது. துணி மக்கும், கரையான் அரிக்கும், கிழிந்தால் அடுப்படிக்குப் போய்விடும். அன்றியும், தையல் என்பது பெண்கள் வீட்டுக்குள் பொழுதுபோக்காகச் செய்வது, அதில் வரலாறு என்ன இருக்கப்போகிறது என்னும் எண்ணமும் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. ஆயினும் 1942ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறைக்குள் தைக்கப்பட்ட மூன்று போர்வைகள், அக்காலத்து ஏடுகள் பலவும் சொல்லாத செய்திகளைத் தம்மேல் தாங்கி நிற்கின்றன. அவற்றைத் துணி என்பதா, கடிதம் என்பதா என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா.

ஆங்கிலேயர் 'குவில்ட்' என வழங்குவதை ஒட்டுப்போர்வை என்று இங்குக் குறிப்போம். துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணி ஆக்கி, அதனடியில் பஞ்சோ பழந்துணியோ பரப்பி, கீழே ஒரு துணி கொடுத்து, மூன்றும் நகராதபடி ஊடே தைப்பது இதன் பொதுமுறை. நம் இல்லங்களிலும் பாட்டியின் நைந்த சேலையை நான்காய் மடித்து, நூலோட்டி, பச்சிளங்குழந்தைக்கு விரிப்பாக்கும் வழக்கம் உண்டன்றோ? அதற்கு இது தமக்கை முறை. தையல் இயந்திரம் பரவிய பின், மேல்துணியை மட்டும் வீட்டில் கையால் சேர்த்துக்கொண்டு, மூன்றடுக்கையும் பிணைக்கும் வேலையை இயந்திரம் வைத்திருப்போரிடம் கூலிக்குக் கொடுக்கும் முறையும் மேனாடுகளில் ஏற்பட்டது. எப்படித் தைப்பினும், இது பெரும்பாலும் தனக்கென்று தைக்கப்படுவதன்று. திருமணம், பிள்ளைப்பேறு, பிரிவு ஆகியவற்றை ஒட்டி, நெஞ்சுக்கு நெருங்கியவர்க்குத் தருவதற்காகவே தைக்கப்படுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் தொலைவுக்குக் குடிபெயர்வோர்க்கு உற்றார் ஆளுக்கொரு துண்டில் தம் பெயரிட்டுச் சேர்த்துத் தந்தனர். முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்திற்கு நிதி திரட்டவும், காசு தந்தோர் பெயர்களைப் போர்வையில் தைக்கும் வழக்கம் பரவியது. சாங்கியில் நிகழ்ந்ததற்கு இப்பழக்கமே முன்னோடி.

1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியர் கையில் வீழ்ந்ததை நாம் அறிவோம். இரண்டு நாட்கள் கழித்து ஐரோப்பியக் குடிமக்கள் யாவரும் பாடாங் திடலில் கூடுமாறு கட்டளை பிறந்தது. சில வாரங்கள் காத்தோங் வட்டாரத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களும் குழந்தைகளும் மார்ச்சு 8ஆம் நாள், ஏறத்தாழ எட்டு மைல் தொலைவு, வெயிலில் நடத்திச் செல்லப்பட்டுச் சாங்கிச் சிறையை அடைந்தனர். தொடக்கத்தில் அவர்கள் சுமார் 400 பேர். 1936ஆம் ஆண்டில், 600 கைதிகளுக்கெனக் கட்டப்பட்ட அச்சிறையில், ஆண்களும் சேர்ந்து அதைப் போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்டோர் திணிக்கப்பட்டனர். ஆங்கிலப் பெண்கள் மட்டுமல்லர்; ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், யுரேசியர் எனப் பல இனத்தவரும் அங்கிருந்தனர்.

பெண்கள் பகுதிக்கும் ஆண்கள் பகுதிக்கும் இடையே நின்றது ஒரு மதில்தான். கணவன் அதற்கப்பால் இருப்பான். இருக்கிறானா என்பது தெரியாது. படைவீரரின் மனைவியர் நிலை இன்னும் கொடிது. பிடிபட்ட வீரர்கள் சிறைக்கு வெளியே செலாராங் முதலிய படைமுகாம்களில் இருந்தனர். கடிதம் எழுதக் கூடாது, ஆளனுப்பக் கூடாது. பட்டினியைக் காட்டிலும் இந்த அறியாமையே பலரை வாட்டியிருக்க வேண்டும்.

இந்நிலையில்தான் எதெல் மல்வேனி என்னும் கனடா நாட்டுப் பெண்மணி ஒரு வழி கண்டார். செஞ்சிலுவைச் சங்கப் பணியில் இருந்தவர். இவர் கணவரும் இந்தியப் படையின் மருத்துவராய் இருந்து சிறைப்பட்டவர். காயமுற்ற வீரர்கள் படுத்திருக்கும் மருத்துவமனைக்குப் போர்வை தைத்துத் தருகிறோம் என்று இவர் சிறை அதிகாரியிடம் இசைவு கேட்டார். இதில் மறுக்க என்ன இருக்கிறது? நோயாளிக்குப் போர்வை, பெண்களுக்கு வேலை. ஆங்கிலேய வீரர்க்கு ஒன்று, ஆஸ்திரேலிய வீரர்க்கு ஒன்று என்பதோடு, காயமுற்ற சப்பானிய வீரர்க்கும் ஒன்று தைக்கப்பட்டது. அந்த மூன்றாவது போர்வைதான் மற்ற இரண்டிற்கும் கடவுச்சீட்டாயிற்று எனலாம். அதை வெறும் தந்திரம் என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. புண்பட்டவன் எந்நாட்டவனாயினும் புண்பட்டவனே என்று எண்ணித் தைத்த கைகளும் அவற்றுள் இருந்திருக்கும்.

ஒவ்வொரு பெண்ணிடமும் ஆறங்குலச் சதுரமாய் ஒரு வெள்ளைத் துணித்துண்டு தரப்பட்டது. மாவுப் பை, அரிசிப் பை, பழைய படுக்கை விரிப்பு ஆகியவற்றிலிருந்து வெட்டியவை அவை. பூத்தையல் நூலைக் கைப்பையில் கொண்டுவந்தவர் சிலரே. பிறர் தம் உடுப்புகளிலிருந்தே நூலை உருவிக்கொண்டனர். உன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றை இதில் தைத்து, பெயரையும் இடு என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மார்ச்சு முதல் ஆகத்து வரையிலான காலத்தில் வேலை முடிந்தது. ஒரு போர்வைக்கு 66 துண்டுகள், மூன்றுக்கும் 198. துண்டுகள் கூடும் வரைகளின்மேல் சிவப்பு நூலால் தையல் ஓடுகிறது.

பெயரை இடு என்றதில்தான் முழு உட்பொருளும் அடங்கியிருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் வீரன் போர்வையைத் தடவுகிறான். ஒரு மூலையில் தன் நண்பனின் மனைவி பெயரைக் காண்கிறான். செய்தி வாய்மொழியாய் முகாமுக்குப் போகிறது. அவள் உயிரோடிருக்கிறாள்! அஞ்சற்காரன் இல்லாமல், முகவரி இல்லாமல், காவலன் கண்முன்னே அக்கடிதம் சென்று சேர்ந்துவிட்டது. காவலன் கண்டதெல்லாம் பூவும் கொடியும்தான்.

பூக்கள் மிகுதி என்பது உண்மையே. தோட்டமும் ஓட்டுவீடும் வாசற்படியும் தைத்தவர் பலர். அவை அழகுக்காகத் தைத்தவை என்று மேலோட்டமாய்ச் சொல்லிவிடலாம். ஆனால் தான் பறிகொடுத்த வீட்டை ஆறங்குலத்துக்குள் மீட்டுக் கட்டுகிற ஒருத்திக்கு அது வெறும் அழகன்று. கப்பலைத் தைத்தவர்கள் ஊர் திரும்பும் நாளை எண்ணித் தைத்தனர். சிறை அறையையே அதன் உயர்ந்த சிறு சாளரத்தோடு தைத்தவர்களும் உளர். பால் பிசகாத கேலிச் சித்திரங்களும் உண்டு. துன்பத்தில் நகைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆண் குழந்தை பிறந்ததைக் கணவனுக்கு அறிவிக்க ஒரு தாய், நீல நாடா கட்டிய முயற்குட்டியைத் தைத்தாள் என்றும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. மேனாட்டார் வழக்கில் நீலம் ஆண்பிள்ளைக்கு உரிய நிறம். அதை அறியாத காவலனுக்கு அது முயல். அறிந்த தகப்பனுக்கோ மகன்.

ஷீலா ஆலன் என்னும் பதினேழு வயதுப் பெண் தைத்த துண்டு என்னை நெடுநேரம் நிறுத்தியது. தந்தை ஆஸ்திரேலியர், தாய் இவ்வட்டாரத்தவர். ஆஸ்திரேலியப் போர்வைக்கு அவள் அந்நாட்டின் வரைபடத்தையும் ஒரு கங்காருவையும் தைத்தாள். அவள் தந்தை சிறை வாழ்விலேயே, விடுதலைக்குச் சிறிது முன்னர், 1945இல் மறைந்தார். சிறையில் அவள் மறைத்து எழுதிவந்த நாட்குறிப்பு பின்னாளில் நூலாக வெளிவந்தது.

சப்பானியர்க்கெனத் தைத்த போர்வையோ தன்மையில் வேறு. அதில் பூவும் கனியும் அமைதியான காட்சிகளுமே பெரிதும் இடம்பெறுகின்றன. சிறைத் துயரமும் நையாண்டியும் அங்கு இல்லை. யாரிடம் எதைப் பேசலாம் என்பதை ஊசியும் அறிந்திருந்தது.

இச்செயலில் இருந்த இடரை இன்று நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1943ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் கெம்பித்தாய் என்னும் சப்பானிய இராணுவக் காவற்படை சாங்கிச் சிறைக்குள் புகுந்தது. துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்குச் சிறைக்குள்ளிருந்தே செய்தி போயிற்று என்பது அதன் ஐயம். 57 பேர் பிடிக்கப்பட்டு வதைக்கப்பட்டனர். 15 பேர் மாண்டனர். மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், பிரெடி புளூம் ஆகிய பெண்களும் அவ்வதைக்குத் தப்பவில்லை. ஐயம் பொய் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. செய்தி அனுப்பினார் என்ற ஐயம் ஒன்றே உயிரை வாங்கப் போதுமாயிருந்த அச்சிறையில்தான், அதற்கு ஓராண்டுக்கு முன்னர், இருநூறுக்கு இரண்டு குறைந்த செய்திகள் அதிகாரியின் இசைவோடு வெளியே சென்றிருந்தன.

பெரியவர்களின் போர்வைகளோடு சிறுமியர் தைத்த ஒன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். எலிசபெத் என்னிஸ் என்னும் தாதி, சிங்கப்பூர் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன்னரே மணம் புரிந்துகொண்டவர். அவர் சிறையிலிருந்த சிறுமியரைக் கூட்டிச் சாரணியர் அணி ஒன்றை நடத்தினார். வாரந்தோறும் சிறை முற்றத்தின் ஒரு மூலையில் அவர்கள் கூடினர். அவர் பிறந்தநாளுக்கு அவரறியாமல் பரிசளிக்க எண்ணிய அச்சிறுமியர், கிழிந்த சட்டைத் துணிகளை அறுகோணங்களாக வெட்டினர். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு என்று வைத்துத் தைத்தால் அது ஒரு மலர். ஒவ்வொரு மலரிலும் தைத்தவள் பெயர். பெரியவர்களின் போர்வைகளுக்கு இதுவே தூண்டுகோலாயிற்று என்பாரும் உளர். எனினும் அதில் மறைபொருள் ஏதுமில்லை. தங்களுக்குப் பாடமும் விளையாட்டும் தந்த ஒருவருக்குச் சிறுமியர் தந்த நன்றி அது. ஆசிரியப் பணியில் இருப்போர் இதைப் பெரும்பேறு என்றே கருதுவர். அப்போர்வை இன்று இலண்டனில் பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இவ்வளவும் எழுதுகையில் நம் மக்கள் நினைவு வராமல் இல்லை. அதே ஆண்டுகளில்தான் மலாயாத் தோட்டங்களில் துணிக்குப் பஞ்சம் வந்து, நம்மவர் கோணிச் சாக்கை உடுத்தி மானம் காத்தனர். அதே ஆண்டுகளில்தான் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இரயில் தண்டவாளம் போடக் கொண்டுசெல்லப்பட்டனர். சில மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி அழைத்தவர்களும் உண்டு. வழியில் மடக்கி வண்டியில் ஏற்றியவர்களும் உண்டு. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களுள் பெரும்பகுதியினர் திரும்பவில்லை. கணவன் உயிரோடிருக்கிறானா என்று லயத்து வாசலில் காத்திருந்த தமிழ்ப் பெண்ணுக்கும், சாங்கி மதிலுக்கு உட்புறம் காத்திருந்த ஆங்கிலப் பெண்ணுக்கும் நெஞ்சில் வேறுபாடு இருந்திருக்க முடியாது. ஆனால் இவளிடம் துணியில்லை. துணி இருந்து பெயரைத் தைத்தாலும் கொண்டு சேர்க்கும் மருத்துவமனையோ செஞ்சிலுவைச் சங்கமோ அவளுக்கு இல்லை. காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் படைவீரர்க்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. நம்மவர் பெயர் அங்கில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற புதினங்களும், முதியோர் வாய்மொழியுமே நமக்கு எஞ்சியவை. சாங்கிப் போர்வைகளைப் பார்த்து நான் பொறாமை கொண்டேன் என்று சொன்னால் அது மிகையன்று. அவர்கள் துன்பம் குறைவு என்பதனாலன்று. அவர்கள் பெயர் இருக்கிறது என்பதனால்.

1944ஆம் ஆண்டு மே திங்களில் குடிமக்கள் சைம் சாலை முகாமுக்கு மாற்றப்பட்டனர். அதற்குள் பசி முற்றியிருந்தது. எதெல் மல்வேனி பெண்களைக் கூட்டி, உண்ண முடியாத உணவுகளின் சமையல் குறிப்புகளை ஒருவருக்கொருவர் சொல்லச் செய்து எழுதிவைத்த செய்தி தனிக் கட்டுரைக்கு உரியது. போருக்குப் பின் அக்குறிப்புகளை அச்சிட்டு விற்று, விடுதலை பெற்ற கைதிகளுக்கு உதவினார்.

போர்வைகளைக் காத்தவர்களுள் ஆஸ்திரேலியப் படையின் கள மருத்துவப் பிரிவைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் வெப்ஸ்டர் குறிப்பிடத்தக்கவர். ஆங்கிலப் போர்வை இன்று இலண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. ஆஸ்திரேலியப் போர்வை கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. சப்பானியர்க்கெனத் தைத்ததும் சப்பான் போகவில்லை. அதுவும் கான்பெராவிலேயே உள்ளது.

ஆஸ்திரேலியப் போர்வையின் பின்புறத்தில் ஒரு குறிப்பு காணப்படுகிறது. காயமுற்ற வீரர்களுக்கு அனுதாபத்துடன் இதை அளிக்கிறோம் என்றும், போர் ஓய்ந்தபின் இது அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேரவேண்டும் என்றும் அது கேட்டுக்கொள்கிறது. அத்தோடு முடிந்திருந்தால் அது வழக்கமான ஓர் அர்ப்பண வாசகமாய் நின்றிருக்கும். அதன் கீழே, இப்போர்வையைத் தண்ணீரில் துவைக்க வேண்டா, உலர்சலவை செய்வதே நல்லது என்று மேலும் ஒரு வரி இருக்கிறது. சிவப்பு நூலின் சாயம் வெள்ளையில் இறங்கிவிடும் என்னும் கவலை போலும். உடுத்த மாற்றுடை இல்லாத சிறையில், நாளை உயிரோடிருப்போமா என்பதை அறியாத பெண்கள் எழுதிய வரி அது.