போஸ்னான் நகரமன்றம்

போலந்தின் போஸ்னான் நகரில், பழைய சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் நகரமன்றத்தை மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலையின் அரிய சான்றாகப் பலரும் போற்றுகிறார்கள். போற்றத் தக்கதுதான். ஆனால் ஒரே காலத்தின் படைப்பாக அதைப் பார்த்தால் அதன் பெருமையில் பாதி கைநழுவிவிடும். 1253-இல் நகர உரிமை பெற்றபின் எழுந்த முதல் மன்றத்தின் கோதிக் நிலவறைகள் இன்றும் அடியில் இருக்கின்றன. 1536-இல் நகரைச் சுட்ட பெருந்தீயில் அந்த மன்றம் சேதமுற்றது. 1550-இல் நகரசபை லுகானோ பகுதியிலிருந்து வந்த ஜொவான்னி பத்திஸ்தா தி குவாத்ரோவிடம் பணியை ஒப்படைத்தது. அவர் பழையதை அழிக்காமல் பெரிதாக்கி, கிழக்கு முகப்பில் மூன்றடுக்கு வளைவுத் தாழ்வாரத்தை அமைத்தார். கோபுரமோ அவருடையதன்று. 1675-இல் மின்னல் தாக்கியதில் அவர் காலத்துக் கோபுரம் அழிந்தது. இப்போதைய செவ்வியல் பாணி முடி 1780-களில் வந்தது. பிரஷ்ய ஆட்சி 1910–13-இல் மேலும் மாற்றங்கள் செய்தது.

1945 போரில் கோபுரமும் மேற்பகுதியும் சிதைந்தன. 1954 வரை நீண்ட சீரமைப்புக்குப் பின் நகர வரலாற்று அருங்காட்சியகம் இங்கே திறந்தது. இப்படி மீண்டும் கட்டப்பட்டதை அசல் என்று எப்படிச் சொல்வது என்பது நியாயமான கேள்வி. கல்லின் வயதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் தயக்கம் சரியே. ஆனால் தீயும் இடியும் போரும் தாக்கிய ஒவ்வொரு முறையும், இந்த மன்றம் தங்களுக்கு வேண்டும் என்று நகரத்தார் முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த முடிவுகளின் தொடர்ச்சியும் வரலாறுதான். தி குவாத்ரோவே பழைய சுவர்கள்மேல்தான் கட்டினார் என்பதை மறக்கலாகாது.

சபை வெளியேறி அருங்காட்சியகம் நுழைந்ததும் கட்டடம் உயிரிழந்துவிட்டது என்பது இன்னொரு குறை. நகர நிர்வாகம் இன்று பழைய ஜேசுசபைக் கல்லூரிக் கட்டடத்தில் இயங்குகிறது என்பது உண்மை. ஆயினும் மேல்தளத்துப் பெருங்கூடத்தின் 1555-ஆம் ஆண்டுச் சுதைவேலை விதானத்தை அண்ணாந்து பாருங்கள்: சிம்சோன், தாவீது அரசர், ஹெர்குலிஸ் ஆகியோர் அங்கே இருக்கிறார்கள், கூடவே அரச குலங்களின் சின்னங்களும். வலிமையும் அறமும் எவை என்று சபையினர்க்கு ஓயாமல் காட்டிக்கொண்டிருந்த கூடம் அது. நண்பகலில் முட்டிக்கொள்ளும் இயந்திர ஆடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் பயணிகள் இதைத் தவறவிடுவது பெரும் இழப்பு. பொருளைக் காட்டிப் பாடம் சொல்லும் வேலை 1954-இல் இங்கே புதிதாகப் புகுந்ததன்று. அன்று சபையினருக்கு உரியதாயிருந்த விதானம் இப்போது நுழைவுச்சீட்டு வாங்கும் எவருக்கும் உரியது.