மைசூர் சாண்டல் சோப்
மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1916-இல் பெங்களூருவில் நிறுவிய அரசுத் தொழிற்சாலையின் சந்தன சோப். முதல் உலகப்போரால் சந்தனக்கட்டை ஏற்றுமதி தடைப்பட்டு, மரம் தேங்கியதே இதற்கு வித்திட்டது. செய்முறையை வகுத்தவர் எஸ். ஜி. சாஸ்திரி. நீள்வட்டக் கட்டி, நகைப்பெட்டி போன்ற அட்டைப்பெட்டி, யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபச் சின்னம்: அன்றாடப் பண்டத்தைப் பரிசுப்பொருளாக உயர்த்தியது இந்த அழகுணர்ச்சியே. பூசையறையிலும் கல்யாணப் பந்தலிலும் பழகிய மணம் குளியலறைக்குள் வந்தது. வாசனை தங்கட்டும் என்று வெறும் பெட்டியையும் அலமாரியில் துணிகளுக்கிடையே செருகி வைப்போர் உண்டு. 2006-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கன்னடரல்லாத நடிகை தமன்னாவை 2025-இல் விளம்பரத் தூதராக்கியபோது கன்னடர் பலர் கொதித்தெழுந்தனர். இதை அவர்கள் வெறும் சோப்பாகக் கருதவில்லை, தம் மண்ணின் சொத்தாகவே கருதினர்.